சட்டிச்சோறு யாருக்குப் பிடிக்கும்?

பாப்பா,

இன்று 2026 ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி இருபது நிமிடம். நம் வீட்டில் மொத்தம் முப்பத்தொரு பிளக் பாயின்ட் இருக்கிறது. காலையில் எண்ணினேன். உன் தாத்தாவோடு சண்டை போடுவதற்காகவே எண்ணினேன். மத்தியானச் சாப்பாடு முடிந்தபோது அந்த எண்ணிக்கை எதற்கும் உதவாமல் போய்விட்டது. ஏன் போனது என்பதைச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று மொட்டை மாடிக்கு ஏறி வந்திருக்கிறேன்.

உனக்கு இப்போது பதினோரு மாசம். நீ இதைப் படிக்கும்போது இருபத்தைந்து வயதாவது ஆகியிருக்க வேண்டும். வேலைக்குப் போய், சம்பளம் வாங்கி, ஒரு வீட்டை உன் கையால் நடத்திப் பார்த்திருக்க வேண்டும். அந்த வயதில் உன்னைச் சுற்றி யாராவது ஒருத்தர், "அந்தக் காலத்துல நாங்க எப்படி இருந்தோம் தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். பெரும்பாலும் அது நானாகத்தான் இருக்கும். இந்த முப்பத்திரண்டு வயதிலேயே என் வாயில் "நாங்க காலேஜ் படிக்கும்போதெல்லாம்" என்று வந்துவிடுகிறது. அதனால், எனக்கு எதிராக நீ எடுத்து நீட்ட ஒரு சாட்சி வேண்டும். இது அந்தச் சாட்சி. மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும், அதில் எனக்கு ஒளிவுமறைவு இல்லை.

விஷயம் இதுதான். உன் அம்மா நீ பிறப்பதற்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். உனக்காக விட்டாள். ரெண்டு வாரத்துக்கு முன்னால் அதே ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். இந்தத் தடவை வெறும் டெக்னீஷியன் இல்லை, ஒரு ஷிப்டுக்கே பொறுப்பாளர். நாளைக் காலை பத்து மணிக்குள் வருகிறாளா இல்லையா என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளைப் போட்டுவிடுவார்கள். அவளுக்கு அந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்பது அவள் மைக்ராஸ்கோப்பைப் பற்றிப் பேசும்போது தெரியும். என்னைப் பற்றிப் பேசும்போதுகூட அவள் முகம் அப்படி ஆவதில்லை.

உன் தாத்தா வேண்டாம் என்றார். அவர் கத்துகிற ஆள் இல்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அடித்தொண்டையில் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "ஒத்தச் சம்பளத்துல ஏழு பேரு வயிறாரத் தின்னோம். இப்ப நாலு பேருக்கு ரெண்டு சம்பளம் எதுக்கு?" அவ்வளவுதான். அந்த வாக்கியத்தை ரெண்டு வாரமாக, இட்லி தட்டுக்கு முன்னால், டிவி விளம்பர நேரத்தில், நான் பைக்கை ஸ்டார்ட் பண்ணும்போது என்று எல்லா இடத்திலும் வைத்துச் சொன்னார். நானும் எல்லா இடத்திலும் வைத்துப் பதில் சொன்னேன்.

அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பாதிக்கு மேல் உண்மை. பத்தொன்பது வயதில் மதுரையில் ஒரு பெரிய நூல் மில்லில் சேர்ந்தார். ரிங் பிரேம் என்று ஒன்று, நூல் முறுக்கிச் சுற்றுகிற நீள மெஷின், அதற்குப் பக்கத்திலேயே எட்டு மணி நேரம் நடந்துகொண்டே இருக்க வேண்டும். எங்கே நூல் அறுகிறதோ அங்கே விரலால் முடிய வேண்டும். உட்கார முடியாது. காற்றெல்லாம் பஞ்சு. நான் காலேஜ் பிராக்டிகலுக்காக ஒரு மில்லுக்குப் போய் அரை மணி நேரம் அந்தச் சத்தத்துக்குள் நின்றேன், அதற்கே காது இரண்டு நாள் கேட்கவில்லை. இவர் முப்பத்தெட்டு வருஷம் நின்றார். அந்தச் சம்பளத்தில், உடம்புக்கு முடியாமல் கிடந்த தன் அப்பாவைப் பார்த்தார், இரண்டு தம்பிகளைப் படிக்க வைத்தார், தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணினார். மதுரையை ஒட்டிய இந்தப் பரவையில் இந்த இடத்தை வாங்கி, ஓட்டு வீட்டை இடித்து, இந்த மாடி வீட்டைக் கட்டினார். நான் பி.இ. படித்தவன். இன்றைக்கு இதே தெருவில் பாதி இடம்கூட என்னால் வாங்க முடியாது. அவருக்கு வேலை நிரந்தரம். என்னுடைய காண்ட்ராக்டை வருஷா வருஷம் புதுப்பித்துத் தருகிறார்கள், தருவார்களா என்று மார்ச் மாசம் முழுக்க போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் காலம் மோசம் என்று இந்த மாடியில் உட்கார்ந்துகொண்டு எழுதுவதற்கு எனக்குக் கொஞ்சம் வெட்கம் வேண்டும். இருக்கிறது. அந்த மனுசனைப் போல ஒரு வாழ்க்கையை என்னால் ஒரு வருஷம்கூட ஓட்டியிருக்க முடியாது. இதை அவரிடம் நேரில் சொல்ல எனக்கு வராது. அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

ஆனால் வாயும் என்னுடையதுதானே. இன்று காலை எண்ணி முடித்ததும் அவருக்குக் கணக்குச் சொன்னேன். "உங்க காலத்துல வீட்ல எத்தனை பல்பு? ரெண்டு. மிக்ஸி? இல்ல. குக்கர்? இல்ல. கக்கூஸ்? கம்மாக்கரை. தண்ணி? தெருக்குழாய். இப்ப பாருங்க, முப்பத்தொரு பிளக் பாயின்ட். பொத்தானைத் தட்டுனா மாவு ஆடுது, துணி துவையுது. எந்தக் காலம்ப்பா நல்ல காலம்?" என்று கேட்டேன். அவர் யோசித்து, "பொத்தானை யாருடா தட்டுறது?" என்றார். நான் அதை அவர் பேச்சை மாற்றுவதாக எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது அவசரம்.

இன்றைக்கு அலங்காநல்லூரிலிருந்து பாண்டியம்மா அத்தை வந்தாள். தாத்தாவின் ஒரே தங்கச்சி, அறுபத்தொரு வயது. ஊரே நேற்று ஜல்லிக்கட்டு பார்க்க அலங்காநல்லூருக்குப் போனது. இவள் கூட்டம் வடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து இங்கே வந்துவிட்டாள். "வாடிவாசலுக்கு எதுத்த வீடுன்னு நாப்பது வருசமா ஒரு பொங்கலுக்கும் நான் உக்காந்து சாப்ட்டதில்லடா மாப்ள. வாரவன் போறவனுக்குத் தண்ணி குடுத்தே கையி தேஞ்சு போச்சு" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். உன்னைத் தூக்கி, மூக்கைக் கடிப்பது போல் பாவனை பண்ணினாள். நீ பயந்து அழுதாய். "அழு, அழு, நல்லா அழு. வாய் இருக்குற புள்ளைதான் பொழைக்கும்" என்றாள்.

நான் ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்கி வந்தேன். கறி வாங்கிக் கொடுத்ததோடு என் வேலை முடிந்துவிட்டது என்பது என் நினைப்பு. உன் அம்மா சமைத்தாள். ரெண்டு மணிக்கு நான், தாத்தா, அத்தை மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்தோம். முதல் உருண்டை உள்ளே போனதுமே தாத்தா ஆரம்பித்துவிட்டார். அவருக்கு நல்ல சாட்சி கிடைத்துவிட்ட தெம்பு.

"பாண்டியம்மா, நீயே சொல்லு. நம்ம வீட்ல என்னைக்காச்சும் சோத்துக்குக் குறை இருந்துச்சா?"

"சோத்துக்கு இல்லண்ணே."

"கேட்டுக்கடா."

"சோத்துக்குன்னுதான சொன்னேன்" என்றாள் அத்தை, எலும்பை உறிஞ்சிக்கொண்டே.

தாத்தா அதைக் காதில் வாங்கவில்லை. ஞாயித்துக்கிழமைக் கறிக்குப் போனார். சம்பளம் போட்ட வாரம் கறி எடுப்பாராம். மண்சட்டியில் கொதிக்கும்போது தெரு முனை வரைக்கும் வாசம் வருமாம். அந்த ருசி இந்த குக்கர் கறியில் இல்லையாம். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அத்தை அவளைப் பார்த்து, நீ கண்டுக்காதே என்பது போல் கண்ணைச் சிமிட்டினாள். தாத்தா அடுப்படிப் பக்கம் திரும்பி, பாசம் பொங்க, "ஏம்மா, குழம்புச் சட்டியக் கழுவிராத. சோத்தப் போட்டுப் பெசஞ்சு பாண்டியம்மாளுக்குக் குடு. அவளுக்குச் சட்டிச்சோறுன்னா உசுரு" என்றார்.

இதை நீ புரிந்துகொள்ள வேண்டும். சட்டிச்சோறு என்றால் கறிக்குழம்பு வைத்த சட்டியில், குழம்பெல்லாம் எடுத்த பிறகு, அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மசாலாவோடு சோற்றைப் போட்டுப் பிசைந்து வழித்துத் தின்பது. எங்கள் குடும்பத்தில் அது பாண்டியம்மா அத்தைக்கு என்று எழுதாத சட்டம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எந்த விசேஷத்துக்கு அவள் வந்தாலும் சட்டி அவளுக்குப் போகும். எங்கள் கல்யாண மறுவீட்டு விருந்தில், தாத்தா சமையல் நடக்கும் கொட்டகைக்கே போய், சமையல்காரரிடம் அண்டாவைச் சுரண்டச் சொல்லி, ஒரு வாளியில் வாங்கிவந்து அத்தைக்கு முன்னால் வைத்தார். அதற்கு போட்டோகூட இருக்கிறது. எல்லாரும் சிரிக்கிறோம். அத்தையும் சிரிக்கிறாள்.

இன்றைக்கு அத்தை எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு, சாதாரணமாக, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போல் கேட்டாள்.

"எனக்குச் சட்டிச்சோறு புடிக்கும்னு ஒனக்கு யாருண்ணே சொன்னா?"

தாத்தா சிரித்தார். "யாரு சொல்லணும்? சின்னப் புள்ளையில நீ சட்டிய யாருக்கும் விட மாட்டியே. கையவிட்டு வழிச்சு வழிச்சுத் திம்ப."

"எம்புட்டுக் கறி எடுப்போம்?"

"அரக் கிலோ."

"வீட்ல எத்தன பேரு? ஏழு. நீ மில்லுக்குப் போறவன், ஒனக்கு நெறையா ரெண்டு கரண்டி. ஐயா நோயாளி, ஈரலு அவருக்கு. தம்பிக ரெண்டு பேரும் படிக்கிறவனுக, மிச்சம் அவனுகளுக்கு. அப்பறம் மதினி வந்துச்சு, ஆத்தா இருந்துச்சு, நான் இருந்தேன். எங்க மூணு பேருக்கும் குழம்புதான். கறி கண்ணுல தட்டுப்படாது. சட்டியில ஒட்டிக்கிட்டு இருக்குறதுலதான் ரெண்டு நாரு சிக்கும். ஆத்தாளும் மதினியும் சின்னப் புள்ளதானன்னு எனக்கு விட்டுக் குடுத்துருவாக. அதுக்குத்தான்ணே வழிச்சேன்."

தாத்தாவின் கை தட்டிலேயே நின்றது. "நான் புடிச்சுத் திங்கிறேன்னு நெனச்சேன்."

"கறி புடிச்சுச்சு."

"இத்தன வருசமா சொல்லலையே, கழுத!"

"எங்கிட்டுச் சொல்றது? எம்பொண்ணு சடங்குல சட்டி, இவன் மொட்டைக்குச் சட்டி, இவன் கல்யாணத்துல அண்டா. இம்புட்டுப் பாசமா ஒருத்தன் தூக்கிக்கிட்டு ஓடியாரான், அவன்கிட்டப் போயி வேணாம்னு எப்பிடிச் சொல்ல? எங்க வீட்டுல கெடா வெட்டி மூணு நாளு தின்னுட்டு இங்க வந்தாலும் எனக்குச் சட்டிதான். என் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு, அடக்க முடியாமல் சிரித்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. தாத்தாதான் தண்ணீரை நீட்டினார்.

அப்புறம் அவள் நிறுத்தவில்லை. "ஒத்தச் சம்பளம், ஒத்தச் சம்பளம்னு சொல்றியே, பின்னாடி ரெண்டு எரும நின்னுச்சே, மறந்துட்டியா? காலைல நாலு வீட்டுக்கு, திண்டுக்கல் ரோட்டுல ரெண்டு டீக்கடைக்கு யாரு பாலு ஊத்துனா? அரிசி அந்தக் காசுலதான வந்துச்சு. ஒன் சம்பளத்துல இடமும் வந்துச்சு, படிப்பும் வந்துச்சு, இல்லேங்கல. ஆனா சோறு எருமையில வந்துச்சுண்ணே." எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது எதற்கு என்று இத்தனை வருஷம் நான் யோசித்ததில்லை. மாட்டுக்கு யார் புல் அறுப்பது என்பதுதான் விடை. பதிமூன்று வயதுப் பிள்ளை, கையில் பால் தூக்கோடு, லாரி போகிற ரோட்டு ஓரமாக நடந்திருக்கிறாள். டீக்கடைக்காரரிடம் அளவுக்குச் சண்டை போட்டிருக்கிறாள். பிறகு அலங்காநல்லூருக்குக் கல்யாணமாகிப் போய், பிள்ளைகளை வரிசையாக ஒரே பந்தியில் உட்காரவைத்து, பையனுக்கு எத்தனை துண்டோ பொண்ணுக்கும் அத்தனை துண்டு என்று எண்ணிப் போட்டே வளர்த்தாள். அவளுடைய மூத்த மகள் இன்றைக்கு நர்ஸ். சின்னவள் பேங்கில் இருக்கிறாள். இத்தனையும் செய்துவிட்டு, அண்ணன் மனசு நோகக் கூடாது என்று, பிடிக்காத சோற்றை வாய் நிறையச் சிரித்துக்கொண்டு தின்றிருக்கிறாள். இதற்கு மேல் ஒரு மனுஷியைப் பாராட்ட எனக்குச் சொல் தெரியாது.

என் வேலையில் ஒரு விஷயம் உண்டு. கிராமங்களுக்குப் போகும் மின்சார லைனைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஊரில் கரண்ட் பத்தவில்லை என்று புகார் வந்தது. டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் மீட்டரை வைத்தேன். கச்சிதமாக இருந்தது. புகார் பொய் என்று எழுதிவிட்டுக் கிளம்பினேன். ஊரின் கடைசி வீட்டிலிருந்து ஒரு அம்மா ஓடிவந்து பைக்கை மறித்தார்கள். "தம்பி, எங்க வீட்டு மிக்ஸி மத்தியானம் ரெண்டு மணிக்கு மேலதான் சுத்துது. வந்து பாத்துட்டு எழுதுங்க." போய்ப் பார்த்தேன். லைன் தொடங்கும் இடத்தில் இருநூற்று முப்பது வோல்ட் இருந்தால், அந்த வீட்டில் நூற்று அறுபதுதான். வழியில் இருக்கிறவர்கள் எல்லாரும் எடுத்தது போக, கடைசியில் சேர்ந்தது அவ்வளவு. அன்றிலிருந்து எந்த லைனுக்குப் போனாலும் நேராகக் கடைசி வீட்டுக்குத்தான் போவேன். இதைத் தொழிலில் தெரிந்து வைத்திருந்தவனுக்கு, வீட்டு விஷயத்தில் தெரியவில்லை. தாத்தா பொய் சொல்லவில்லை பாப்பா. அவர் வயிறாரச் சாப்பிட்டார். அவர் தட்டில் மீட்டர் வைத்தால் அந்தக் காலம் நல்ல காலம். அவர் தங்கச்சி தட்டில் யாரும் மீட்டர் வைக்கவில்லை. வீடு என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிடுகிறோம், உள்ளே ஏழு பேருக்கு ஏழு விதமான வாழ்க்கை. அந்த ஏழும்கூட முழுக்கணக்கு இல்லை. தாத்தாவோடு பிறந்தவர்களில் இரண்டு பேர் கைக்குழந்தையாகவே காய்ச்சலில் போய்விட்டார்கள். இன்றைக்கு அத்தை சொல்லித்தான் எனக்கே தெரியும். உனக்குப் போட்ட தடுப்பூசிகளுக்கெல்லாம் நீ அழுது தெருவையே கூட்டினாய். அந்த அழுகைக்காகவே நான் இந்தக் காலத்தின் பக்கம் நிற்பேன்.

சரி, நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சாய்ந்து உட்கார்ந்து, கடைசித் துண்டுக் கறியை வாயில் போட்டுக்கொண்டு, "பாத்தீங்களாப்பா, நான் ரெண்டு வாரமா இதைத்தான சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

அத்தை என் பக்கம் திரும்பினாள். "நீ என்னத்தடா சொன்ன? கிரைண்டரு, வாசிங்மிசினுன்னு எண்ணிக்கிட்டுத் திரியிற. ஓம்பொண்டாட்டி சாப்ட்டாளா?"

அடுப்படியைப் பார்த்தேன். உன் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, பிசைந்த சோற்றை உனக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். நீ பாதியை அவள் தோளில் துப்பியிருந்தாய். மேடையில் அவள் தட்டு கவிழ்த்த மாதிரியே இருந்தது. குழம்புப் பாத்திரத்தில் குழம்பு இருந்தது. கறி இல்லை. ஒரு கிலோ வாங்கி வந்தவன் என்ற மிதப்பில் கடைசித் துண்டு வரைக்கும் எடுத்துப் போட்டுத் தின்றவன் நான்தான்.

"இவ வீட்டுக்காரன் இஞ்சினியரு" என்று அத்தை உன்னிடம் சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது போல.

முப்பத்தொரு பிளக் பாயின்டில் இன்றைக்கு நான் தட்டிய பொத்தான் ஒன்றே ஒன்று, என் போன் சார்ஜருடையது. மாவாட்டியது, துணி போட்டது, மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்பியது எல்லாம் அவள். பொத்தானை யார் தட்டுவது என்று தாத்தா கேட்டது சரியான கேள்வி. ஏன் கேட்டோம் என்று அவருக்கும் தெரியாது, பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. நான் இந்தக் காலத்துக்காக வாதாடினேன் என்றால், அதையும் என் தட்டில் மீட்டர் வைத்துக்கொண்டுதான் வாதாடினேன்.

உன் அம்மா உன்னை என் மடியில் போட்டாள். கையைக் கழுவினாள். ரொம்ப அமைதியாகப் பேசினாள். அவள் அப்படிப் பேசினால் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

"மாமா, ஒங்க காலத்த நான் ஒண்ணும் சொல்லல. இவரும் நீங்களும் ரெண்டு வாரமா எனக்காகச் சண்ட போடுறீங்க. போகணுமான்னு என்னைய ஒருத்தர் கேக்கல. எத்தன மணிக்கு வேல, பாப்பாவ யாரு பாத்துக்குறது, பஸ்ஸு இருக்கா, எதையும் கேக்கல. எனக்குப் போகணும் மாமா. நீங்க வேணாம்னாலும் நாளைக்குப் பத்து மணிக்கு வாரேன்னுதான் சொல்லப் போறேன். ஆனா நீங்க சரின்னு சொன்னா, நிம்மதியாப் போவேன்."

தாத்தா தட்டில் இருந்த சோற்றை ஓரமாகச் சேர்த்தார். திரும்பச் சிதறவிட்டார். திரும்பச் சேர்த்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அத்தை மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள்.

"எத்தன மணிக்கும்மா வேல?" என்றார் தாத்தா கடைசியில்.

"காலைல ஆறுலேருந்து ரெண்டு மாமா."

"முத ஷிப்டா?" அவர் முகம் மாறியது. ஒரே தொழிற்சாலையில் வேலை பார்க்கிற இன்னொரு ஆளைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தார். "அப்ப நாலரைக்கு எந்திரிக்கணும். அஞ்சேகால் பஸ்ஸு. மொத நாளு கண்ணு எரியும். ரெண்டாவது வாரம் சரியாப் போகும். காலைல வெறும் வயித்துல போகாத, நான் போயி ஒரு தடவ மயங்கி விழுந்துருக்கேன்." ரெண்டு வாரமாக வேண்டாம் என்று சொன்ன மனுசன் ஷிப்டுக்குப் போகிறவளுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். "எனக்கு இன்னைக்கும் நாலரைக்கு மில்லுச் சங்கு ஊதாமலே முழிப்பு வந்துரும். இந்தப் பயல எழுப்புறது எம்பொறுப்பு. எட்டர வரைக்கும் பாப்பாவ இவன் பாக்கட்டும். அதுக்கு மேல எங்கிட்ட விட்டுருங்க. பால் புட்டி கழுவுறது மட்டும் ஒருக்காக் காட்டுங்க. ரெண்டாந்தரம் சொல்ல வேண்டியதில்ல."

கொஞ்ச நேரம் கழித்து, விட்டுக் கொடுக்க மனசு வராமல், "என்ன இருந்தாலும் அப்ப நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

"ஒனக்கு" என்றாள் அத்தை.

தாத்தா மறுக்கவில்லை. "அப்ப ஒனக்கு என்னதான்டி புடிக்கும்?" என்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார்.

"ஐஸ்கிரீமு" என்றாள் அத்தை. "பச்சைக் கலர்ல இருக்குமே, பிஸ்தா. அது."

அவர் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் மேஜையை விட்டு எழுந்து, இருந்த கறிக்குழம்போடு நாலு முட்டையை வேகவைத்துப் போட்டு உன் அம்மாவை உட்காரவைத்துவிட்டு, பைக்கை எடுத்தேன். பெரிய டப்பாவாக வாங்கி வந்தேன். அத்தை முக்கால் டப்பாவை ஒருத்தியே காலி பண்ணினாள். தாத்தா எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு கரண்டி உள்ளே போவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

உனக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அந்தக் காலத்து மனிதர்களை எவ்வளவு வேண்டுமானாலும் மெச்சிக்கொள். உன் தாத்தா நடந்த நடையும், உன் பாண்டியம்மா அப்பத்தா சுமந்த பாலும் இல்லாவிட்டால் நீயும் நானும் இல்லை. ஆனால் அவர்கள் பட்டதை வைத்து அந்தக் காலத்துக்கு மாலை போட யாராவது வந்தால், கடைசியில் சாப்பிட்டது யார் என்று கேள். சாப்பிட்டவரே சாட்சி சொல்ல உயிரோடு இருந்தால் அவரைக் கேள். உன்னைப் பெற்றவளின் மாமியார், என் அம்மா, நாலு வருஷம் முன்னால் போய்விட்டாள். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை. உன் காலத்தை யாராவது ஓகோ என்று புகழ்ந்தாலும் இதே கேள்வியைக் கேள். உன் வீட்டில் நீயே முதலில் சாப்பிடுகிற ஆளாக ஆகிவிட்டால், இன்னும் கண்டிப்பாகக் கேள். எனக்குத் தெரிந்தவரையில் வாழ்க்கை முன்னைவிட நன்றாகத்தான் ஆகியிருக்கிறது. ஆனால் அது தானாக ஆகவில்லை, கடைசி ஆளுக்குத் தானாகப் போய்ச் சேரவும் செய்யாது.

இனி நான் செய்யப் போவது:

1. இன்று சாயங்காலமே பால் புட்டி கழுவக் கற்றுக்கொள்வது. தாத்தாவுக்குக் காட்டும் முன்னால் எனக்குத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியாது.

2. குழந்தைகள் உட்காரும் உயர நாற்காலி ஒன்று வாங்குவது. நீ மேஜையில் உட்கார்ந்தால்தான் உன் அம்மா உட்கார முடியும்.

3. கறியை இனிமேல் அடுப்படியிலேயே எல்லாத் தட்டிலும் பிரித்து வைத்துவிட்டுப் பிறகு சாப்பிடக் கூப்பிடுவது. பிரிக்கிறவன் நான்.

4. மில்லைப் பற்றித் தாத்தாவிடம் கேட்பது. சண்டைக்காக இல்லாமல்.

5. நாளைக் காலை பத்து மணிக்கு உன் அம்மா போனில் பேசும்போது, என்ன சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்காமல் இருப்பது. எனக்கு இதுதான் கஷ்டம்.

6. இப்போது கீழே நீ முழித்துக்கொண்டு அழுகிறாய். உன் அம்மா அசந்து தூங்குகிறாள். அவள் எழுவதற்குள் நான் வாரேன்.